இருப்பு அறிக்கையை ஒருமுறை உங்களுக்காகவும் படியுங்கள்

நடைமுறை மூலதனக் கடன் பெற்றுள்ள வாடிக்கையாளர்கள் மாதந்தோறும் தங்கள் கிளைக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறார்கள். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் என்று எல்லோரும் அழைக்கும் சரக்கு இருப்பு அறிக்கை அது. மாத இறுதியில் மூலப்பொருள் எவ்வளவு, வேலை முடியாமல் பாதியில் நிற்பது எவ்வளவு, விற்பனைக்குத் தயாராக இருப்பது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு என ஐந்தாறு வரிகளில் அடங்கிவிடும். கணக்கர் நிரப்புவார், உரிமையாளர் கையொப்பமிடுவார். நாங்கள் அதிலிருந்து டிராயிங் பவர் எனப்படும் பணம் எடுக்கும் வரம்பைக் கணக்கிட்டுக்கொள்வோம். மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட பழைய அறிக்கையை வைத்துப் பணம் எடுக்கவிடலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. ஆகவே அறிக்கை வராவிட்டால் கிளையிலிருந்து தொலைபேசி அழைப்பு வரும். அந்த அழைப்பைத் தவிர்ப்பதற்காகவே பல நிறுவனங்களில் இந்த அறிக்கை தயாராகிறது என்று சொன்னால் வாடிக்கையாளர்கள் எங்களைக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என நம்புகிறோம்.

எங்கள் கருத்து இதுதான்: அந்த அறிக்கையால் வங்கிக்குக் கிடைக்கும் பயனைவிட உரிமையாளருக்குக் கிடைக்கக்கூடிய பயன் பெரிது. கடன் வரம்பைக் கூட்டிக் கேட்கும் விண்ணப்பத்தை எழுதுமுன், அந்த ஐந்தாறு எண்களை வைத்துச் சில எளிய கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். செயல்பாட்டு மேலாண்மை என்ற பெயரில் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் பகுப்பாய்வு முறைகளில் சிறுதொழிலுக்கு உண்மையில் வேண்டியவை மூன்றோ நான்கோதான். அவற்றுக்குக் கணினி மென்பொருள்கூடத் தேவையில்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல், ஓரிடத்தில் வர்க்கமூலம் ஆகியவை போதும்.

எடுத்துக்காட்டுக்கு, இரும்பு அலமாரி செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நாளொன்றுக்கு 4 அலமாரிகள் வெளியே போகின்றன. ஓர் அலமாரியின் விற்பனை விலை ரூ. 7,500, அடக்கவிலை ரூ. 6,250. ஆண்டு விற்பனை ஏறத்தாழ ரூ. 1.1 கோடி, வங்கி அளித்துள்ள வரம்பு ரூ. 22 லட்சம். ஆர்டர்கள் கூடி வருகின்றன, கையில் பணம் நிற்பதில்லை, எனவே வரம்பில் மேலும் ரூ. 7 லட்சம் வேண்டும் என்கிறார் உரிமையாளர். தகடு வளைக்கும் புதிய இயந்திரம் ஒன்றுக்குத் தவணைக் கடனும் கேட்கிறார். கூடுதல் ஈடாகக் குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தைத் தர முன்வருகிறார். இத்தகைய விண்ணப்பம் லூதியானாவின் சைக்கிள் உதிரிபாகத் தொழிலிலிருந்தும் வரலாம், மொராதாபாத்தின் பித்தளைத் தொழிலிலிருந்தும் வரலாம். பொருள்தான் மாறும், விண்ணப்பத்தின் வாசகம் பெரும்பாலும் மாறாது.

அவருடைய அறிக்கையில் மூலப்பொருள் ரூ. 9 லட்சம், பாதியில் நிற்பது ரூ. 6 லட்சம், முடிந்த சரக்கு ரூ. 6 லட்சம், வரவேண்டிய பாக்கி ரூ. 15 லட்சம், கொடுக்கவேண்டியது ரூ. 4.5 லட்சம் என இருப்பதாகக் கொள்வோம். ரூபாயில் பார்த்தால் இவை சொத்துகள். எண்ணிக்கை பெரிதாக இருப்பது நல்லது போலவே தோன்றும். இவற்றை நாள்களாக மாற்றிப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு ரூ. 15,000 மதிப்புள்ள தகடு செலவாகிறது. ஆகவே கையிருப்புத் தகடு 60 நாளைக்கு வரும். பாதியில் நிற்கும் அலமாரிகள் 120. நாளுக்கு 4 வீதம் அவை வெளியேற 30 நாள் ஆகும். முடிந்த சரக்கு 24 நாள். நாள் விற்பனை ரூ. 30,000 என்பதால் பாக்கி 50 நாள். மொத்தம் 164 நாள். தகடு விற்பவர் தரும் 30 நாள் தவணையைக் கழித்தால் 134 நாள். இவர் தகட்டுக்குக் கொடுக்கும் ஒரு ரூபாய் தொழிற்கூடத்தைச் சுற்றி மீண்டும் கைக்கு வருவதற்கு நாலரை மாதம் ஆகிறது.

வங்கிகள் இந்தச் சுழற்சிக்கு ஏற்கெனவே ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. 1975-இல் தாண்டன் குழு 15 தொழில்களுக்கு, எந்தச் சரக்கை எத்தனை மாதம் வைத்திருப்பது நியாயம் என்று வரையறுத்தது. பிறகு 1992-இல் நாயக் குழு, சிறுதொழில்களுக்கு அத்தனை நுணுக்கம் வேண்டாம் என்று கருதி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை வங்கி நடைமுறை மூலதனமாகத் தரலாம் என்றது. மொத்தத் தேவை 25 சதவீதம், அதில் 5 சதவீதம் உரிமையாளருடையது என்பது கணக்கு. 25 சதவீதம் என்றால் ஆண்டில் கால் பங்கு, அதாவது மூன்று மாதச் சுழற்சி. இந்தச் சூத்திரத்தின்படி வரம்பு கேட்கும் பலருக்கும் அதனுள் இந்த மூன்று மாதம் ஒளிந்திருப்பது தெரிவதில்லை. சுழற்சி நாலரை மாதமாக இருப்பவருக்கு அந்த வரம்பு எந்நாளும் பற்றாது. விற்பனை கூடினால் பற்றாக்குறையும் சேர்ந்தே கூடும். அதைத்தான் அவர் வளர்ச்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்.

இருப்பை நாளொன்றுக்கு வெளியேறும் அளவால் வகுத்தால் காத்திருக்கும் காலம் கிடைக்கும் என்ற இந்த விதி எளிமையானது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் இதற்குக் கணித நிறுவல் தந்தார். அவர் பெயராலேயே இது வழங்குகிறது. சரக்குக்கும் பொருந்தும், மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கும் பொருந்தும், எங்கள் மேசைமேல் காத்திருக்கும் கடன் விண்ணப்பங்களுக்கும் பொருந்தும். 120 அலமாரிகள் உள்ளே நிற்கும்வரை, எந்த அலமாரியும் சராசரியாக 30 நாளுக்கு முன் வெளியே போக முடியாது. ஓர் அலமாரிமேல் உண்மையில் வேலை நடப்பது 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மற்ற நேரமெல்லாம் அது இன்னோர் அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது. வட்டி மட்டும் நிற்பதில்லை.

மூலப்பொருளுக்கு வருவோம். அறுபது நாள் தகடு ஏன்? மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதே வழக்கமான விடை. இதற்குரிய கணக்கை 1913-லேயே அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் எழுதிவிட்டார். அடிக்கடி வாங்கினால் வாங்கும் செலவு கூடும். அரிதாக வாங்கினால் வைத்திருக்கும் செலவு கூடும். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் அளவே சிக்கனமான கொள்முதல் அளவு. ஆண்டுத் தேவையை ஒரு கொள்முதலுக்கு ஆகும் செலவால் பெருக்கி, அதை இரட்டித்து, ஒரு கிலோவை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும்.

நம் தொழிற்கூடத்துக்கு ஆண்டுக்கு 90,000 கிலோ தகடு வேண்டும், கிலோ ரூ. 60. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் எடை போட, இறக்க, சரிபார்க்க, ஆள் போய்வர ரூ. 2,400 ஆகிறது. வைத்திருக்கும் செலவை ஆண்டுக்கு 20 சதவீதம் எனக் கொள்வோம். அதில் வட்டி 11 சதவீதம். மிச்சம் கிடங்கு வாடகை, துரு, காப்பீடு, சேதாரம். வங்கி வட்டியை மட்டும் எண்ணி மற்றவற்றை மறப்பதுதான் இந்தக் கணக்கில் பொதுவாக நேரும் பிழை. அப்படியானால் ஒரு கிலோவுக்கு ரூ. 12. சூத்திரப்படி விடை 6,000 கிலோ. ஆண்டுக்கு 15 முறை வாங்க ரூ. 36,000, சராசரி இருப்பான 3,000 கிலோவை வைத்திருக்க ரூ. 36,000. தட்டுப்பாட்டுக்கு அஞ்சிப் பத்து நாள் தகட்டைக் கூடுதலாக எப்போதும் வைத்திருந்தால் அதற்கு ரூ. 30,000. ஆக ரூ. 1,02,000.

இப்போது அவர் செய்வது என்ன? ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு டிரெய்லர் நிறைய 30,000 கிலோ. வாங்கும் செலவு ரூ. 7,200 மட்டுமே. ஆனால் சராசரி 15,000 கிலோவை வைத்திருக்க ரூ. 1,80,000. மொத்தம் ரூ. 1,87,200. வணிகர் 1 சதவீதம் தள்ளுபடி தருகிறார் என்றால் ஆண்டில் ரூ. 54,000 மிச்சமாகும், அதைக் கழித்தாலும் செலவு ரூ. 1,31,000-க்கு மேல்தான் நிற்கும். சிறிது சிறிதாக வாங்குவதே மேல். தள்ளுபடி 2 சதவீதமானால் செலவு ரூ. 75,600-க்கு இறங்கிவிடும், அப்போது டிரெய்லர் வாங்குவது சரியான முடிவே. தள்ளுபடியைக் கண்டாலே வாங்குவதும் தவறு, கண்டாலே சந்தேகிப்பதும் தவறு. எந்தச் சதவீதத்தில் கணக்கு மாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வணிகரிடம் பேசப் போகலாம்.

இந்தச் சூத்திரத்தின் இன்னொரு குணத்தை வணிகவியல் வகுப்புகளில் போதிய அளவு சொல்வதில்லை என்பது எங்கள் எண்ணம். விடை சற்றுப் பிசகினாலும் நட்டம் மிகக் குறைவு. 6,000-க்குப் பதில் 8,000 கிலோ வாங்கினால் ஆண்டுச் செலவு ரூ. 3,000 மட்டுமே கூடும். ஆகவே துல்லியமான புள்ளிவிவரம் இல்லையே என்று கணக்கைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 30,000 என்ற எண்தான் ஆபத்து. 6,000-மா 8,000-மா என்பதில் ஒன்றும் இல்லை.

எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். 1951-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்டு டிக்கி வழக்கத்துக்குக் கொண்டுவந்த ஏ-பி-சி பகுப்பாய்வு சொல்வது இதைத்தான்: ஆண்டு மதிப்பின்படி பொருள்களை இறங்குவரிசையில் எழுதினால், மேலே உள்ள சிலவற்றிலேயே பணத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். இத்தொழிற்கூடத்தில் தகடு, பூட்டு, வண்ணப் பவுடர் ஆகியவை அப்படிப்பட்டவை. திருகாணிகளை ஆறு மாதத்துக்கு வாங்கிப் போட்டாலும் குறைவில்லை. தீர்ந்துபோனால்தான் குறை.

அடுத்தது இயந்திரம். வெட்டும் பிரிவும் வளைக்கும் பிரிவும் நாளுக்கு 8 அலமாரிகள் செய்ய வல்லவை. பவுடர் கோட்டிங் சூளையில் நாளுக்கு 4 மட்டுமே வெந்து வருகின்றன. அப்படியிருக்க, புதிய வளைப்பு இயந்திரம் வந்தால் என்ன ஆகும்? சூளைக்கு முன்னால் நிற்கும் வரிசை நீளும். இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் 1984-இல் வெளிவந்த ‘தி கோல்’ என்ற நூலில் இதை ஒரு தொழிற்சாலைக் கதையாகவே எழுதினார். முழுச் சங்கிலியின் வேகத்தையும் ஓரிடம்தான் தீர்மானிக்கிறது. அங்கே இழக்கும் ஒரு மணி நேரம் தொழிற்சாலை முழுவதற்கும் இழப்பு. வேறிடத்தில் மிச்சப்படுத்தும் ஒரு மணி நேரத்தால் பயனில்லை என்பது அவர் வாதம். எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஆய்வாளர் வேண்டாம். தொழிற்கூடத்தில் ஒருமுறை நடந்து, எதன் முன்னால் பொருள் குவிந்து கிடக்கிறது என்று பார்த்தால் போதும்.

பார்த்த பிறகு செய்யக்கூடியவை பல. அவற்றில் பாதிக்குக் கடனே வேண்டாம். மதிய உணவு வேளையில் சூளை நிற்கிறதா? ஆளை மாற்றி ஓட்டலாம். ஒவ்வோர் அலமாரிக்கும் நிறம் மாற்றுகிறார்களா? ஒரே நிறத்தைச் சேர்த்து எடுத்தால் சுத்தம் செய்யும் நேரம் மிஞ்சும். குறையுள்ள தகட்டைச் சூளைக்குள் போவதற்கு முன்பே ஒதுக்கலாம். இவற்றால் நாளுக்கு ஓர் அலமாரி கூடினால் அதுதான் உண்மையான வளர்ச்சி. இவற்றோடு, உள்ளே 60-க்கு மேல் அலமாரிகள் நிற்கக்கூடாது, சூளை ஒன்றை வெளியே விட்டால்தான் வெட்டும் பிரிவு அடுத்ததைத் தொடங்கலாம் என்று ஒரு விதி வைக்கலாம். வெட்டும் பிரிவினர் சில மணி நேரம் சும்மா இருப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் உரிமையாளர்களுக்கு எல்லாவற்றிலும் கடினம். ஆள் சும்மா இருப்பது கண்ணுக்குத் தெரியும். மூன்று லட்சம் ரூபாய் சும்மா இருப்பது தெரியாது.

சும்மா இருக்கும் நேரத்தைப் பற்றி வரிசைக் கோட்பாடும் ஒன்று சொல்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1909-இல் தொடங்கிவைத்த கணக்கு இது. ஒரே கவுன்ட்டர், ஒருவருக்குச் சராசரி 5 நிமிட வேலை, வருகையும் வேலை நேரமும் முன்பின்னாக அமைகின்றன என்று கொள்வோம். கவுன்ட்டர் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் வரிசையில் நிற்கும் சராசரி நேரம் 20 நிமிடம். 90 சதவீதமானால் 45 நிமிடம். 95 சதவீதமானால் 95 நிமிடம். வேலை சிறிதளவு கூடக் காத்திருப்பு பன்மடங்காகிறது. மாத முதல் வாரத்தில் ஓய்வூதியம் பெற வருகிறவர்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. இயந்திரம் ஒரு நொடியும் ஓயாமல் ஓட வேண்டும் என்று விரும்பும் தொழில்முனைவோர், அதன் விலையாகத் தம் வாடிக்கையாளரை வாரக்கணக்கில் காக்கவைக்கிறோம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நேரியல் நிரலாக்கம் போன்ற பெரிய முறைகளும் உண்டு. சோவியத் அறிஞர் கான்டரோவிச் 1939-இல் ஒட்டுப்பலகைத் தொழிலின் ஒரு சிக்கலிலிருந்து அதைத் தொடங்கினார். 1975-இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது. சுத்திகரிப்பு ஆலைக்கும் விமான நிறுவனத்துக்கும் அது இன்றியமையாதது. நாளுக்கு நாலு அலமாரி செய்பவர் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். தேவைக்கு மேற்பட்ட கருவியை வாங்குவதும் ஒருவகை இருப்புதான்.

தகட்டு இருப்பு ரூ. 9 லட்சத்திலிருந்து ரூ. 3.3 லட்சமாகக் குறைந்தால் விடுபடுவது ரூ. 5.7 லட்சம். பாதியில் நிற்கும் அலமாரிகள் 120-லிருந்து 60 ஆனால் ரூ. 3 லட்சம். ஆக ரூ. 8.7 லட்சம். அவர் வங்கியிடம் கேட்டது ரூ. 7 லட்சம். சுழற்சி 134 நாளிலிருந்து 81 நாளுக்கு வந்துவிடும். நாயக் குழுவின் மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும். வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும். வங்கி ஊழியர்களாகிய நாங்கள் கடன் வேண்டாம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கடன் கொடுப்பது எங்கள் தொழில். ஆனால் மூன்றாண்டு கழித்து அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் முன் அமர்வதை நாங்கள் எவரும் விரும்புவதில்லை.

பாக்கியைப் பற்றிச் சுருக்கமாக. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் இழுக்க முடியாது. தாமதித்துக் கொடுத்தால் அத்தொகையை வாங்குபவர் எந்த ஆண்டில் கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. இவற்றைச் சொல்லிக் கேட்கத் தயங்குகிறவர்களே அதிகம். பெரிய வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் எங்களுக்குப் புரிகிறது. அதற்குச் சூத்திரம் ஏதும் இல்லை.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் ஒரு முன்நிபந்தனை உண்டு. அறிக்கையில் உள்ள எண்கள் மெய்யாக இருக்க வேண்டும். டிராயிங் பவர் குறைந்துவிடுமே என்று விற்காத பழைய சரக்கையும் முழு விலையில் காட்டுவது, மூன்று மாதத்துக்கு மேலான பாக்கியைப் புதியது போல எழுதுவது ஆகியவை வங்கியை ஏமாற்றும் குற்றம் என்பது ஒருபுறமிருக்க, உரிமையாளர் தம் தொழிலைப் பார்க்கும் ஒரே கண்ணாடியைத் தாமே மூடிக்கொள்வதாகும். அடுத்த மாதம் கிடங்கில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் போகும். மாதக் கடைசி நாளில் லாரி வந்து இறங்கியிருந்தால் மெய்யான எண்ணும் தவறான படத்தைக் காட்டும் என்பதையும் மறக்கலாகாது. தீபாவளிக்கு முந்தைய இருப்பும் மழைக்கால இருப்பும் ஒன்றல்ல. எனவே ஒரு மாத அறிக்கையை மட்டும் பார்க்காமல் பன்னிரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வரம்பைப் புதுப்பிக்கும் காலம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அப்போது வழக்கமான தணிக்கைக் கணக்கு, ஜி.எஸ்.டி. படிவங்கள் ஆகியவற்றோடு, கடந்த பன்னிரண்டு அறிக்கைகளையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் நாள் கணக்கைக் குறித்துக் கொண்டுவாருங்கள். எந்த வரி மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போகிறது என்பதை எங்கள் மேசையில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்தே பார்க்கலாம். உங்கள் சுழற்சி நியாயமாகவே நீளமானது என்று அந்தத் தாள் காட்டினால், கூடுதல் வரம்புக்குப் பரிந்துரை எழுதும்போது அதைவிட வலுவான சான்று எங்களுக்கும் கிடைக்காது.